சிறுவர் இல்லத்துக்கு மாதம் இருமுறை செல்லத் திட்டமிடுகிறோம்: எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

வினா: கொக்குவில் நண்பன்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரே பாடசாலையில் படித்து, இப்போது இங்கேயே வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, எங்கள் வீடுகளுக்கு அண்மையிலுள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்கு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தவறாமல் சென்று வருவதென முடிவுசெய்திருக்கிறோம். எங்களில் இருவர் ஆசிரியர்கள், ஒருவர் வங்கியில் பணிபுரிபவர், ஒருவர் தாதி உத்தியோகத்தர், மற்றவர்கள் அலுவலகங்களிலும் கடைகளிலும் இருப்பவர்கள். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள வகுப்புத் தோழர்கள் மாதந்தோறும் ஒரு தொகையை அனுப்ப முன்வந்திருக்கிறார்கள்.

இதுவரை நாங்கள் செய்துவந்தது ஊரில் பலரும் செய்வதுதான். வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால், அல்லது தாய் தந்தையரின் ஆண்டுத் திதி வந்தால், இல்லத்தின் மதிய உணவுக்குப் பணம் கட்டிவிட்டு, பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அந்தப் பழக்கத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் அத்தகைய வருகைகளில் ஒரு பிள்ளையின் பெயரையாவது அறிந்துகொள்ளும் அளவுக்கு நேரம் வாய்ப்பதில்லை.

இல்லத்தின் பொறுப்பாளர் எங்கள் எண்ணத்தை வரவேற்றார். எனினும், தொடங்கினால் விடாமல் வரவேண்டும், இடையில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம் என்று கண்டிப்பாகவும் சொன்னார். ஆகவே, தொடங்குமுன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன். ஒவ்வொரு முறையும் நாங்கள் அங்கே இருக்கப்போகும் இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்படக்கூடியது எது? யாரிடம் அனுமதி பெறவேண்டும்? பணம் அனுப்புபவர்கள் படங்கள் கேட்கிறார்கள்; எடுக்கலாமா? சிறு பிள்ளைகள் முதல் நாளே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எப்போது வருவீர்கள் என்று கேட்கும்போது என்ன சொல்வது?

பதில் 1: முன்னாள் விடுதிப் பொறுப்பாளர்

தம்பி, அந்தப் பொறுப்பாளர் சொன்னது முழுக்கச் சரி. வலிகாமத்தில் பெண் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தில் நெடுங்காலம் பொறுப்பாக இருந்தவள் என்ற முறையில், வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாத சில நடைமுறைகளை எழுதுகிறேன்.

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்களின் கொடை பெரும்பாலும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. சித்திரா பௌர்ணமி, ஆடி அமாவாசை, தைப்பொங்கல், ஒக்டோபர் 1 சிறுவர் தினம், நத்தார் ஆகிய நாட்களில் ஒரே மதியத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் கேட்டு வருவார்கள். ஒருவரை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சவேண்டியிருக்கும். அதே இல்லத்தின் சமையலறைக்குள், கார்த்திகை மழையில் முற்றமெல்லாம் வெள்ளம் நிற்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் வந்து பார்த்தால், சோறும் பருப்பும் ஏதாவது ஒரு கீரையும்தான் இருக்கும். உபயகாரர் வந்து சேரும்வரை பிள்ளைகளைப் பரிமாறிய இலைக்கு முன்னால் இருத்திவைப்பதும், சின்னதுகள் பசியோடு தேவாரம் பாடி முடித்துப் பிறகு அவருடைய தகப்பனாரைப் பற்றிய பேச்சையும் கேட்பதும் நான் பலமுறை கண்டவை. மறைந்தவருக்கு அதனால் என்ன புண்ணியம் சேர்ந்திருக்குமோ, எனக்கு விளங்கியதில்லை.

ஆகவே, வெளிநாட்டு நண்பர்களின் பணத்தைச் சமைத்த சாப்பாடாக மாற்றாமல், மாதத்தின் குறித்த ஒரு திகதியில் இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே செல்லும்படி செய்யுங்கள். தொகை சிறிதானாலும் அது வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் நிர்வாகத்தால் திட்டமிட முடியும். தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை ஒட்டி, சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் வளர்த்தெடுத்த துர்க்காபுரம் மகளிர் இல்லத்துக்குக் கோயிலே பின்பலமாக இருந்தது. அப்படி ஒரு பின்பலம் இல்லாத இல்லங்கள்தான் யாருக்குப் பிறந்தநாள் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. பொருளாகக் கொடுப்பதானால், சமையல் எரிவாயு, மின் கட்டணம், பெண் பிள்ளைகளுக்குச் சுகாதாரத் துவாய்கள், அளவெடுத்து வாங்கிய சப்பாத்து, மூக்குக் கண்ணாடி என்று, படத்துக்கு அழகாக இராத செலவுகளைக் கேட்டறிந்து கொடுங்கள். கொப்பிகள் தேவைக்கு மேல் வந்துவிடும். கணித உபகரணப் பெட்டியும் அப்படித்தான்.

ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, அதன் பிறகு உடுப்புத் தோய்ப்பு, தலைமுழுக்கு. நீங்கள் பின்னேரம் மூன்றரைக்கு வந்து ஐந்தரைக்குப் போய்விட்டால் விளக்கேற்றும் நேரமும் படிப்பு நேரமும் குழம்பாது. வருபவர்கள் கிளம்பத் தாமதித்தால் அன்றைய ஒழுங்கு முழுவதும் பிந்தும்; பேச்சுக் கேட்பது ஊழியர்கள், நீங்களல்ல.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். வாசிப்பு என்று சொல்வேன். இடம்பெயர்ந்தும் பாடசாலை மாறியும் வந்த பிள்ளைகளில், ஆறாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாதவர்கள் இருப்பார்கள். ஐம்பது பேருக்குப் பாடம் நடத்தும் ரியூசன் ஆசிரியரால் அதைச் சரிசெய்ய முடியாது. ஒருவர் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் அதே பிள்ளைகளோடு, அதே மேசையில் இருந்து சத்தமாக வாசிக்கச் செய்தால், ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும். மற்றது, உங்கள் தாதி நண்பர். வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிச் சென்றால் ஓர் ஊழியருக்கு அரைநாள் போய்விடும். அந்த அரைநாளும் மீதிப் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் குறைவு. உரிய அனுமதியோடு அவர் அந்த ஊழியருடன் துணைக்குப் போய், மருந்து விவரங்களையும் அடுத்த திகதியையும் எழுதி வைத்துக்கொடுத்தாலே பேருதவி.

பாட்டுப் பாடு, ஆடிக் காட்டு என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பதில் 2: இல்லத்தில் வளர்ந்தவன்

முதல் பதிலில் பொறுப்பாளர் அம்மா எழுதியவற்றை வாசித்தபோது, நான் வளர்ந்த இல்லத்தை அவர் நேரில் பார்த்திருக்கிறாரோ என்று எண்ணினேன். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்களை அதிகம் வருத்திய கேள்வி, "அப்பாவுக்கு என்ன நடந்தது?" என்பதுதான். போர்க்காலத்தில் இல்லத்துக்கு வந்த பிள்ளைகளிடம் இதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட்டு, பதில் சொன்னதும் கண்கலங்கித் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். ஒரு கட்டத்தில் நாங்கள் அந்தப் பதிலை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கப் பழகியிருந்தோம். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். நன்றியுரையும் அப்படிப்பட்டதுதான். வந்தவர்களின் பெயர்களை ஒரு துண்டில் எழுதித் தந்து, கை கட்டி நின்று வாசிக்கச் சொல்லுவார்கள். நன்றி எங்களிடம் இருந்தது, ஆனால் அதை நின்று வாசித்த ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் குறைந்தது.

எங்களுக்குக் கணிதம் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஒருவர் சனிக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். அவர் ஒரு முறையாவது இனிப்புக் கொண்டுவந்ததாக நினைவில்லை. கணக்கைப் பிழையாகச் செய்தால் ஏசுவார். வராமல் விடவேண்டி வந்தால் முந்திய கிழமையே சொல்லிவிடுவார். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியெய்திய எங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருபவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளிடமே போகிறார்கள். பதினாறு, பதினேழு வயதினர் சுவரோரம் நிற்பார்கள். அவர்களைத் தூக்கிக் கொஞ்ச முடியாது, படத்திலும் அவர்கள் சிரிப்பதில்லை. பதினெட்டு வயதோடு இல்லத்தை விட்டு வெளியேறும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய முழுப் பிரச்சினையும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அடையாள அட்டை தாமதமாகும். அடையாள அட்டை இல்லையென்றால் பரீட்சையிலிருந்து வங்கிக் கணக்குவரை எல்லாமே சிக்கல். உங்களில் அலுவலக நடைமுறை தெரிந்த ஒருவர், இல்லத்தின் ஒப்புதலோடு, இந்தப் பத்திரங்களின் பின்னால் பொறுமையாக அலைந்து முடித்துக்கொடுத்தால், அதற்கு ஈடாக எந்த விருந்தும் வராது. கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் என்னென்ன பாடநெறிகள் இருக்கின்றன, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், யாழ் நகரில் வாடகை அறைக்கு எவ்வளவு முற்பணம் கேட்பார்கள் என்பவற்றைத் தகப்பனோ மாமனோ உள்ள பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே அறிந்துகொள்கிறது. இல்லத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

இன்னொன்று. எங்களில் பெரும்பாலானோருக்கு அம்மா இருந்தார்.

பதில் 3: சிறுவர் நலப் பணியாளர்

மேலே உள்ள கடைசி வரி எல்லோரும் நிதானமாக வாசிக்கவேண்டிய வரி. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். வறுமை, தாய் வெளிநாடு சென்றமை, மறுமணம், வீட்டில் பாதுகாப்பின்மை, பாடசாலைக்குத் தூரம் போன்ற காரணங்களே அவர்களை இல்லத்துக்குக் கொண்டுவருகின்றன. ஆகவே, தொண்டர்கள் தம்மை அந்தப் பிள்ளைகளின் புதிய பெற்றோராக எண்ணிக்கொள்வது முதற்கோணல்.

அனுமதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். அரச சார்பற்ற இல்லங்கள் 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்படுகின்றன. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபைகளுக்குரிய விடயமாதலால், இங்கே அவை வடமாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் மேற்பார்வையில் இயங்குகின்றன. பல பிள்ளைகள் நீதிமன்றக் கட்டளையின் பேரில் அங்கே இருப்பவர்கள். எனவே பொறுப்பாளரின் வாய்ச் சம்மதத்தோடு நின்றுவிடாமல், வருபவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வரும் நாட்கள், செய்யப்போகும் வேலை ஆகியவற்றை எழுதி நிர்வாக சபைக்குக் கொடுத்து, திணைக்கள அலுவலருக்கும் அறிவிக்கும்படி கேளுங்கள். கேட்கப்படாவிட்டாலும் ஒவ்வொருவரும் பொலிஸ் நற்சான்றிதழும் கிராம அலுவலரின் சான்றும் பெற்றுக் கொடுப்பது நன்று. ஒரு பிள்ளையோடு ஒருவர் தனியறையில் இருக்கக்கூடாது. உங்கள் சொந்தக் கைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுக்கக்கூடாது. அனுமதியின்றி வெளியே கூட்டிச் செல்லக்கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைப் பற்றி உங்களிடம் வாய்திறந்தால், துருவிக் கேட்காமல், இரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்கும் கொடுக்காமல், அன்றே உரியவர்களுக்கு அறிவியுங்கள். இல்லத்திலுள்ள ஒருவரைப் பற்றிய முறைப்பாடாக இருந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

ஓடிவந்து கையைப் பிடிக்கும் பிள்ளையைப் பற்றி. அதை அன்பின் அடையாளமாக மட்டும் பார்க்கவேண்டாம். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி எழுதிய அறிக்கை முதல், 2000ஆம் ஆண்டில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கப்பட்ட நீண்டகால ஆய்வுவரை வலியுறுத்துவது ஒன்றுதான்: சிறு வயதில் நிலையான ஒருவரின் பராமரிப்பு இல்லாதபோது பிள்ளையின் வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. அவ்வாறு வளர்ந்த பிள்ளைகளில் சிலர் முன்பின் அறியாதவர்களிடமும் வேறுபாடின்றி ஒட்டிக்கொள்வார்கள். ஒட்டியவர் காணாமற்போவதும், அடுத்தவர் வருவதும், அவரும் போவதும் தொடர்ந்தால் அந்தக் காயம் ஆழமாகும். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைத் தீர்மானமும், இல்லங்களில் நடைபெறும் தொண்டுப் பணிகளால் விளையும் தீங்குகளைத் தடுக்கும்படி அரசுகளைக் கேட்டிருக்கிறது. இரண்டு கிழமை தங்கிப் போகும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளே அதில் முதன்மையாகக் கருதப்பட்டார்கள் எனினும், விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் உறவாடிவிட்டுப் போகும் நம்மவர்களுக்கும் அது பொருந்தும். கையை உதறாதீர்கள், பெயரைக் கேளுங்கள், பிறகு அந்தப் பிள்ளையை எப்போதும் பராமரிக்கும் அக்காவிடம் கூட்டிச்சென்று, அவருக்குப் பக்கத்தில் இருந்து கதையுங்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்டால், சுவரில் உள்ள நாட்காட்டியில் திகதியைக் காட்டுங்கள். காட்டிய திகதியில் வாருங்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று உதவி வரும்போது, வீட்டுக்குத் திரும்பக்கூடிய பிள்ளையை அனுப்பிவைப்பதில் இல்லத்துக்கு இழப்பு ஏற்படுகிறது. இயன்றவரை பிள்ளை குடும்பத்தோடு வாழவேண்டும் என்பதே 2009ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலின் அடிப்படை.

பதில் 4: ரொறன்ரோவிலிருந்து ஒருவர்

எல்லாம் நியாயமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் படங்கள் விடயத்தில் எங்கள் பக்கத்தையும் பாருங்கள். இங்கே பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பும் பணம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய விரும்புவது கர்வமன்று. ஊரின் பெயரைச் சொல்லிச் சேர்த்த பணத்துக்குக் கணக்கே காட்டாத அனுபவங்கள் புலம்பெயர்ந்தவர்களிடம் நிறைய உண்டு. படம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்பதை நான் அனுபவத்திலேயே சொல்கிறேன்.

பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போடுவது சரியில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நாளை அந்தப் பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது யாராவது அந்தப் படத்தைத் தேடி எடுப்பார்கள். நம் சமூகம் எப்படியென்று தெரியாதா. அப்படியானால் படத்துக்குப் பதிலாக எங்களுக்கு வேறு ஏதாவது தாருங்கள். இல்லத்தின் முத்திரையிட்ட பற்றுச்சீட்டு, மின் கட்டணம் கட்டிய துண்டு, திருத்திய கூரையின் படம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு. இவற்றை ஒழுங்காக அனுப்பினால் நான் என் பக்கத்தில் உள்ளவர்களைச் சமாளித்துக்கொள்வேன்.

கொக்குவில் நண்பன்

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்களை வட்ஸ்அப் குழுவில் வாசிக்கக் கொடுத்தோம். ஒருவர், பிள்ளைகளைச் சந்தோசப்படுத்தப் போகிறோமா, அலுவலகம் நடத்தப் போகிறோமா என்று கேட்டுவிட்டு விலகிக்கொண்டார், மற்றவர்கள் நிற்கிறார்கள். நால்வர் வாசிப்புக்கும் கணிதத்துக்கும், ஒருவர் மூத்த பிள்ளைகளின் பத்திரங்களுக்கும் பொறுப்பெடுக்கிறார்கள். தாதி நண்பர் பிள்ளைகளின் கிளினிக் திகதிகளைப் பொறுப்பாளரோடு இருந்து அட்டவணைப்படுத்துவார். வங்கியில் இருப்பவர் மூன்று மாதக் கணக்கை எழுதுவார். கைபேசிகளை வாசலில் உள்ள அலுவலக மேசையிலேயே வைத்துவிட்டு உள்ளே போவதென்றும் தீர்மானித்திருக்கிறோம்.

முதல் பதில் எழுதிய அம்மாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம். பிள்ளைகள் பலருக்குத் தாய் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்தத் தாய்மாருக்கு எங்களால் ஏதாவது செய்ய முடியுமா? இது எல்லை மீறிய வேலையாகிவிடுமா?

பதில் 1 எழுதியவர்

எல்லை மீறாமல் செய்யலாம், தம்பி. முல்லைத்தீவிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ கூலிவேலை செய்யும் ஒரு தாய் பிள்ளையைப் பார்க்க வருவதென்றால், பஸ் காசோடு ஒரு நாள் சம்பளமும் போகிறது. அதனால் தவணைக்கு ஒருமுறை வருபவர்கள் உண்டு. வராமலே விட்டுவிட்டு, பிறகு முகங்கொடுக்க வெட்கப்பட்டுத் தூர நிற்பவர்களும் உண்டு. உங்கள் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் பயணச் செலவு என்று பெயரிட்டு இல்லத்திடம் கொடுத்து வையுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பொறுப்பாளரும் நன்னடத்தை அலுவலரும் தீர்மானிக்கட்டும். சில பிள்ளைகளுக்குத் தாய் வருவதே ஆபத்தாக இருக்கும், அது உங்களுக்குத் தெரியாது. தாயின் கையில் நீங்கள் நேரே காசு கொடுக்கவேண்டாம், அவரோடு நின்று படமும் எடுக்கவேண்டாம்.

பெற்றோர் வரும் நாள் எதுவென்று முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். அது ஞாயிறு பின்னேரமாக இருந்தால், உங்கள் வருகையைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள்.